ரேஷன் கடை என்று பெயர் வைத்த பாறை

1

போன வியாழக்கிழமை ஆபீஸில் மீட்டிங் நடந்துகொண்டிருந்தபோது சுகந்தி போன் பண்ணினாள். அவள் பகலில் கூப்பிடுகிறவள் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்து எடுத்தேன்.

“ரிப்போர்ட் வந்துருச்சுங்ணா. சனிக்கிழம ஒரு நடை வந்துட்டுப் போறீங்களா? எனக்குப் படிச்சாப் பாதி புரியுது, பாதி புரிய மாட்டேங்குது.”

வருகிறேன் என்றேன். அதற்குப் பிறகு அந்த மீட்டிங்கில் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.

சுகந்தி என் நண்பன் இளங்கோவின் மனைவி. இந்த நவம்பரோடு அவன் போய் ஒரு வருஷம். வடக்கு நியூஜெர்சியில் மலைகளுக்கு நடுவே இருக்கிற ஓர் ஏரியில், என் படகிலிருந்து விழுந்து இறந்தான். விழுந்தவனின் கையை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது இவ்வளவுதான்.

தெரியாதது ஒன்று இருக்கிறது. தகனம் முடிந்து எல்லோரும் கிளம்பும் நேரத்தில் சுகந்தி என்னிடம் வந்து, “கடைசியா என்ன சொன்னாருங்ணா?” என்று கேட்டாள். “உன் பேரத்தான்மா சொன்னான்” என்றேன். அவன் சொல்லவில்லை. நம் பக்கத்தில் சாவு வீட்டில் சொல்கிற இந்த மாதிரிப் பேச்சை யாரும் பொய்யென்று கணக்கில் சேர்ப்பதில்லை. அன்றைக்கு அவள் ஒரு வாய் தண்ணீராவது குடிக்கட்டும் என்று சொன்னேன். குடித்தாள். பிறகு அதை கோபியில் இருக்கும் மாமியாரிடம் சொன்னாள், தன் அம்மாவிடம் சொன்னாள், கோயிலில் விசாரித்தவர்களிடமெல்லாம் சொன்னாள். அதைப் பிடித்துக்கொண்டுதான் இந்த வருஷத்தை ஓட்டினாள்.

இப்போது அந்த நிமிஷங்களில் யார் என்ன பேசினார்கள் என்று அரசாங்கம் எழுதி வைத்த காகிதம் அவள் வீட்டுக்கு வந்திருக்கிறது.

2

இளங்கோவின் அண்ணன் அன்றைக்குப் போனில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது: “ஏனுங் தம்பி, அங்க கடைல மீன் கெடைக்காதுங்களா?”

அவர் குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார். பிடித்த மீனைத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுவோம் என்று சொன்னேன். “உடறதுக்கா புடிக்கப் போனீங்க?” என்று கேட்டார். இதைப் படிக்கும் உங்களுக்கும் அதே கேள்வி இருக்கும். அவருக்குச் சொல்ல முடியாததை உங்களுக்காவது சொல்லிப் பார்க்கிறேன்.

நாங்கள் தேடிப்போன மீனின் பெயர் மஸ்கி. நம்மூர் விராலை நாலு மடங்கு நீட்டி, வாயில் நாய்ப்பல்லை வைத்த மாதிரி இருக்கும். நாள் முழுக்கத் தூண்டில் வீசினாலும் வராது. ஒரு சீசன் முழுக்க வராமலும் போகும். வந்தால், படகுவரை பின்னாலேயே வந்து, நம் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். அதற்காகவே வீச்சு முடிந்ததும் தூண்டிலைச் சட்டென்று தூக்கிவிடக் கூடாது. குனிந்து, கம்பின் நுனியைத் தண்ணீருக்குள் விட்டு, படகோரமாக எட்டுப் போட வேண்டும். ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் லைசென்ஸுக்கு வண்டியில் போடுவோமே, அதே எட்டுத்தான். பின்தொடர்ந்து வந்த மீன் அந்த வளைவில் மனசு மாறிக் கடிக்கும். பத்து வருஷத்தில் அப்படிக் கடித்தவை எனக்கு மூன்று, இளங்கோவுக்கு ஐந்து. அந்த எட்டுக்கு நாங்கள் எங்கள் சனிக்கிழமைகளைக் கொடுத்தோம்.

ஏன் கொடுத்தோம்? வாரம் முழுக்க அடுத்தவன் மொழியில் யோசித்து யோசித்துப் பேசுகிறவனுக்கு, எட்டு மணி நேரம் வாயைத் திறக்காமல் இருக்க ஒரு சாக்கு வேண்டும். திறந்தாலும் தமிழில் திறக்கலாம். வேறு பெரிய காரணம் எதுவும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

3

அந்த ஏரியின் நடுவில், கரையோடு ஒட்டாமல், மூன்று பாறைமேடுகள் தனித்தனியாக இருக்கின்றன. சுற்றிலும் நாற்பதடி ஆழம். அதிலிருந்து கல் எழுந்து வந்து, மேலே ஒன்றரையடித் தண்ணீரில் நின்றுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஏரி ஏரியாகவே இருக்கும். படகில் இருக்கிற ஆழம் காட்டும் கருவியின் திரையில்தான் அந்த மேடு ஏறி வருவது தெரியும். காற்று சின்ன மீன்களைத் தள்ளிக்கொண்டு போய் ஒரு பக்கத்தில் ஒதுக்கும். மரங்கள் இலை கொட்டி முடித்து, தண்ணீர் குளிர்ந்தபின், பெரிய மீன்கள் அந்தப் பக்கத்து ஆழத்திலிருந்து மேட்டோரம் ஏறி வரும். ஆகவே காற்றடிக்கிற நாளில், காற்றடிக்கிற பக்கத்தில், குளிரில் நிற்க வேண்டும். யாரும் போக விரும்பாத நேரம்தான் நல்ல நேரம்.

இப்படி ஓர் இடத்தைக் கண்டுபிடித்தவன் யாருக்கும் சொல்ல மாட்டான். எனக்கு அதில் கொஞ்சம் அதிகமாகவே பைத்தியம். திரையில் குறித்து வைக்கும் பெயர்களை இறங்குதுறையில் பக்கத்தில் நிற்கிறவன் எட்டிப் பார்த்துவிடுவான் என்று நான் மூன்றுக்கும் தமிழில் பெயர் வைத்தேன். சின்ன மீன்கள் கூட்டமாகத் திரிகிற மேட்டுக்குக் கல்யாண மண்டபம். இரண்டு முறை மோட்டார் விசிறியை உடைத்த மேட்டுக்கு வாத்தியார் வீடு. மூன்றாவது ரேஷன் கடை. எத்தனை நேரம் நின்றாலும் சரக்கில்லை என்பார்கள். ஆனால் வரும் நாளில் நல்லதாக வரும்.

இளங்கோவுக்கு இதெல்லாம் சிரிப்பு. அவன் யாரிடமும் பேசுகிறவன். கரையோரத்தில் தூண்டில் சாமான் விற்கிற கடைக்காரரிடம் உட்கார்ந்து பேசி, அந்த மேடுகளுக்கு ஊர்க்காரர்கள் என்னென்ன பெயர் சொல்கிறார்கள் என்று கேட்டு வந்துவிட்டான். என்னிடம் சொல்ல வாயெடுத்தபோது நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

“எனக்கு வேண்டாம். தெரிஞ்சா வாய்ல வந்துரும். யார்கிட்டயாவது உளறிடுவேன்.”

“மாப்ள, ஊருக்கே தெரிஞ்ச கல்லுடா இது.”

“தெரியட்டும். நமக்குத் தெரியும்னு அவங்களுக்குத் தெரிய வேண்டாம்.”

படகில் இங்கிலீஷ் பெயரைச் சொல்பவன் அன்றைக்குக் காப்பி வாங்க வேண்டும் என்று சட்டம் போட்டேன். வீட்டில் ஒரு வரைபடம் கொடுத்துவிட்டு வரலாம், எங்கே போகிறோம் என்று யாருக்காவது தெரிந்திருக்கட்டும் என்று ஒருமுறை அவன் சொன்னான். “ஏரிக்குப் போறதுக்கும் ஒரு ஃபார்ம் ஃபில் பண்ணணுமாடா?” என்றேன். இந்த நாட்டில் ஃபார்ம் என்று சொன்னால் நாங்கள் சிரித்துவிடுவோம். அன்றும் சிரித்தோம்.

உயிர்காப்பு ஜாக்கெட் விஷயமும் அப்படித்தான். வீசும்போது கை இடிக்கிறது என்று கழற்றி இருக்கையில் போட்டுவிடுவான். “கெணத்துல குதிச்சு வளந்தவன்டா நானு” என்பான். உண்மைதான். கோபிப் பக்கம் அவன் தோட்டத்துக் கிணற்றில், மேட்டிலிருந்து தலைகீழாகக் குதிக்கிற வீடியோவைப் பார்த்திருக்கிறேன். சித்திரை வெயிலில் குதிக்கிற தண்ணீர் அது. இரண்டும் தண்ணீர்தான் என்று நாங்கள் இரண்டு பேருமே நினைத்தோம்.

4

அன்றைக்கு மதியம் தூறல். ஏரிமேல் புகைபோலப் பனி இறங்கியிருந்தது. கரை தெரியவில்லை. வேறு படகே இல்லை. ரேஷன் கடையில் காற்றடிக்கிற பக்கம் நின்றோம். அப்படி நிற்கும்போது ஒருவன் வீச, மற்றவன் சின்ன மோட்டாரைக் காலால் அழுத்திப் படகு கல்லின்மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். என் முறை அது. என் தூண்டில் நூல் சிக்கியிருந்தது. நான் குனிந்து அதைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

இளங்கோ முன்னால் நின்று எட்டுப் போட்டான். “வருதுடா” என்று மெதுவாகச் சொன்னது கேட்டது. இன்னும் குனிந்தான். படகின் அடி கல்லில் இடித்தது. நான் நிமிர்ந்தபோது அவன் நின்ற இடத்தில் அவன் இல்லை; கால் எட்டாத ஆழப் பக்கத்தில் விழுந்திருந்தான்.

மேலே வந்தவன் சிரிக்கப் பார்த்தான். மூச்சு வரவில்லை. நான் மண்டிபோட்டு அவன் மணிக்கட்டையும் காலரையும் பிடித்தேன். இழுத்தேன். அவன் என்னைவிட உடம்புக்காரன். நனைந்த துணியோடு அசைக்கவே முடியவில்லை. ஒரு கையால் அவனைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அவசர உதவிக்கு 911 போட்டு, போனைப் படகின் தளத்தில் ஸ்பீக்கரில் வைத்தேன். பேசிய பெண் நிதானமானவர். ஏரியின் பெயரைச் சொன்னேன். எந்த இடம் என்றார். நடுவில், பாறை என்றேன். எந்தப் பாறை என்று கேட்டார்.

என் வாயில் இருந்த பெயர் ஒன்றுதான். அதைச் சொன்னேன். திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். அவர் பொறுமையாக, ஐயா, எனக்குப் புரியவில்லை, எதிரில் என்ன தெரிகிறது என்று கேட்டார். எதிரில் பனி தெரிந்தது. போனே இடத்தைக் காட்டிக்கொடுத்திருக்குமே என்பீர்கள். அந்த மலை இடுக்கில் அது ஏரி முழுவதையும் ஒரே வட்டமாகத்தான் காட்டியது என்று பிறகு சொன்னார்கள். துல்லியமான இடம் எனக்குப் பின்னால், ஸ்டியரிங் பக்கத்துத் திரையில் எண்களாக ஒளிர்ந்துகொண்டிருந்தது. ஆறடி தூரம். அதைப் படிக்க வேண்டுமென்றால் அவன் கையை விட வேண்டும். நான் விடவில்லை.

இளங்கோ ஏதோ முனகிக்கொண்டே இருந்தான். உதடு நீலமாகி, பல் அடித்துக்கொண்டிருந்தது. “பேசாதடா, மூச்ச வச்சுக்க” என்றேன். அதையும் பல தடவை சொன்னேன்.

பனிக்குள் ஒரு மோட்டார் சத்தம் கேட்டது. கத்தினேன். அந்தச் சத்தம் எங்களைத் தாண்டி வடக்கே, கல்யாண மண்டபத்தைப் பார்த்துப் போனது. சத்தம் சின்னதாகி நின்றது. மறுபடி கிளம்பி எங்களிடம் வந்தபோது அவன் முனகுவதை நிறுத்தியிருந்தான். மீட்புப் படகில் வந்தவர்கள் இரண்டு பேர் சேர்ந்து ஒரே இழுப்பில் அவனை மேலே எடுத்தார்கள். என் விரல்களை அவன் கையிலிருந்து அவர்கள்தான் பிரிக்க வேண்டியிருந்தது.

5

இங்கே ஒருவன் செத்தால் அவன் குடும்பத்தின் விசாவும் சேர்ந்து சாகிறது. சுகந்தி அவன் விசாவைத் தொற்றிக்கொண்டு இங்கே இருந்தவள். பன்னிரண்டு வருஷமாக கிரீன் கார்டு வரிசையில் நின்றவன் வரிசையை விட்டுப் போனான். அழுது முடிப்பதற்குள் அவள் ஒரு காலேஜில் சேர்ந்து மாணவி விசாவுக்கு மாறியாக வேண்டியிருந்தது. படிவங்களை நான்தான் நிரப்பினேன். நிலை மாற்றத்துக்கான காரணம் என்று ஒரு கட்டம். நாலு சொல்லுக்குமேல் அதில் இடமில்லை. கணவர் இறந்துவிட்டார் என்று எழுதினேன். அதற்கு இரண்டு சொல்லே போதுமாக இருந்தது.

ஊருக்குத் திரும்பிவிடலாமே என்று அங்கிருந்து சொல்கிறார்கள். இளங்கோவின் மகள் தியா இங்கேயே பிறந்தவள், பதினைந்து வயது. தமிழ் புரியும், பதில் இங்கிலீஷில்தான் வரும். எங்கள் வீட்டிலும் அதே கதை. என் பையன் மூன்று மாதத்துக்கு ஒருமுறை காலேஜிலிருந்து வருகிறான். போன தடவை, தார்ப்பாய் போர்த்தி வீட்டு வாசல் டிரைவ்வேயில் நிற்கிற படகைப் பார்த்து, இதை ஏன் இன்னும் விற்கவில்லை என்று இங்கிலீஷில் கேட்டான். சும்மா கேட்டான். நான் பதில் சொல்வதற்குள் போனைப் பார்க்கத் தொடங்கிவிட்டான். நான் அந்தப் படகை விற்கவும் இல்லை, தொடவும் இல்லை. திரையில் இன்னும் அந்த மூன்று பெயர்களும் இருக்கும்.

விபத்து அறிக்கை வேண்டுமென்று சுகந்தியின் வக்கீல் கேட்டார். அதற்கும் ஒரு விண்ணப்பம். இந்த முறை என்னைக் கூப்பிடவில்லை. தியாவே ஆன்லைனில் போட்டுவிட்டாள் என்று சுகந்தி சொன்னாள். மாதக்கணக்கில் எதுவும் வரவில்லை. வராமலே போய்விடும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். வேண்டிக்கொண்டேன் என்றே சொல்லலாம்.

6

சனிக்கிழமை போனேன். அவர்கள் இப்போது எடிசனில் ஒற்றைப் படுக்கையறை அபார்ட்மெண்டில் இருக்கிறார்கள். தியா கதவைத் திறந்து, “ஹாய் அங்கிள்” என்று சொல்லிவிட்டு சோபாவின் மூலைக்குப் போனாள். காதில் ஹெட்ஃபோன்.

சுகந்தி காகிதங்களைச் சாப்பாட்டு மேஜையில் அடுக்கி வைத்திருந்தாள். புரியாத வரிகளில் மஞ்சள் மை தடவியிருந்தாள். ஒவ்வொன்றாகக் கேட்டாள், சொன்னேன். தண்ணீரின் வெப்பநிலை, ஜாக்கெட் அணியவில்லை, மீட்புப் படகு முதலில் வேறிடத்துக்கு அனுப்பப்பட்டது. அதற்கடுத்த வரி வந்ததும் விரலை வைத்தாள்.

“இது என்னங்ணா? கூப்பிட்டவர் இடத்தோட பேரத் திரும்பத் திரும்பச் சொல்றாரு, புரியல, இங்கிலீஷ் இல்லன்னு போட்டிருக்கு. என்ன சொன்னீங்க நீங்க?”

“ரேஷன் கடைன்னு சொன்னேன்மா.”

அவள் புரியாமல் பார்த்தாள். பெயர் வைத்த கதையைச் சொன்னேன். சட்டம் போட்டது, காதைப் பொத்திக்கொண்டது, வரைபடத்துக்குச் சிரித்தது எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல, இதை ஒரு வருஷமாக மென்று விழுங்கிக்கொண்டிருந்தேன் என்பது எனக்கே உறைத்தது.

“பேரு நீங்க வச்சதா, அவரு வச்சதா?”

“நான் வச்சது.”

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். காகிதத்தை மடித்தாள், மறுபடி பிரித்தாள்.

“எங்க போறீங்கன்னு கேட்டா, ஏரிக்குன்னு மட்டும்தான் சொல்வாரு. எனக்குக்கூட அந்தப் பேரு தெரியாதுங்ணா.”

பிறகு அவள் கேட்பாள் என்று நான் பயந்ததைக் கேட்டாள்.

“இதுல முழுசும் படிச்சேன். என் பேரு எங்கயும் இல்லீங்களே.”

உண்மையைச் சொல்லிவிடத்தான் வந்திருந்தேன். காரில் வரும்போது வாக்கியத்தைக்கூடத் தயார் பண்ணியிருந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் அது ஓடிவிட்டது.

“தமிழ்ல சொன்னத அவங்களுக்கு எழுதத் தெரியாதும்மா. புரிஞ்சத மட்டும்தான் போடுவாங்க.”

“ஆமால்ல” என்றாள். முகம் தெளிந்தது. மஞ்சள் பேனாவை மூடி வைத்துவிட்டு, எனக்குக் கொடுத்தனுப்ப ஒரு டப்பாவில் எலுமிச்சை சாதம் போட்டாள். “தியா, அங்கிள்கூட கார் வரைக்கும் இத எடுத்துட்டுப் போ” என்றாள்.

தியா டப்பாவோடு வந்தாள். பார்க்கிங்கில் காரைத் திறந்தேன். அவள் டப்பாவைக் கொடுக்காமல் நின்றாள். இங்கிலீஷில் பேசினாள். எனக்கு நன்றாகப் புரியட்டும் என்பதுபோல மெதுவாகப் பேசினாள்.

விண்ணப்பத்தில் ஒலிப்பதிவும் வேண்டுமா என்று ஒரு கட்டம் இருந்ததாம். அதையும் டிக் பண்ணினாளாம். அது தனியாக அவள் ஈமெயிலுக்கு வந்துவிட்டது. அம்மாவுக்குத் தெரியாது.

“நீ அதக் கேட்டியா?” என்றேன்.

நிறைய தடவை, என்றாள். அப்பா முனகவில்லை, அங்கிள். அப்பா அந்தப் பாறையின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். சர்ச் ராக். ‘சர்ச் ராக்னு சொல்லுடா’ என்று நாலு தடவை சொல்கிறார். சத்தத்தைக் கூட்டி வைத்தால் தெளிவாகக் கேட்கிறது. நான் தேடிப் பார்த்தேன், அந்த ஏரியில் எல்லோருக்கும் அந்தப் பெயர் தெரியும். போனில் பேசிய லேடிக்கும் தெரிந்திருக்கும். ஒவ்வொரு தடவையும் நீங்கள் அவரைப் பேசாதே என்கிறீர்கள்.

அவள் அழவில்லை.

அம்மா பெயர் ஒரு தடவைகூட இல்லை, என்றாள்.

“தியா, நான் அன்னைக்கு...”

“பேசாதீங்க, அங்கிள்.”

தமிழில் சொன்னாள். பிறந்ததிலிருந்து அந்தப் பெண் என்னிடம் சொன்ன முதல் தமிழ் வாக்கியம் அது.

மேலே ஜன்னலைத் திறந்து சுகந்தி எட்டிப் பார்த்தாள். “என்னடி இவ்ளோ நேரம்? என்ன சொல்றாரு அங்கிள்?”

தியா டப்பாவை என் கையில் வைத்தாள். அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.

“ஒண்ணுமில்லம்மா” என்றாள். “அப்பா கடைசியா உன் பேரச் சொன்னாருல்ல, அதத்தான் சொல்லிட்டு இருக்காரு.”